பிசின் கலந்த சந்தனம்

திருத்தணி
16-10-1943

உங்களுக்குக் கௌரி எழுதுவது.

நலம் விசாரிக்கும் நிலைமையில் நான் இல்லை. அதனால் அந்த வரியை எழுதவில்லை.

தம்பி கண்ணையன் விழுந்து இன்றோடு ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை தகனத்துக்கு வந்தீர்கள், அன்று சாயந்திரமே ரயிலேறிவிட்டீர்கள். மறுநாள் பால் தெளிக்குத் திரும்பி வருவீர்கள் என்று பார்த்தோம். வந்தவர்கள் எல்லோரும் "மாப்பிள்ளை எங்கே?" என்றார்கள். "விசாரணை, விசாரணை" என்று சொல்லி என் வாய் புளித்துப்போயிற்று. விசாரணைக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாதா? செத்தவன் உங்களைப் பாவா என்று கூப்பிட்ட சொந்த மச்சான். அவனை விமானப் பயிற்சியில் சேரச் சொல்லி நைனாவிடம் நாலு தரம் வந்து பேசியது நீங்கள்தான்.

இந்த ஊரைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. உங்கள் விமானத் திடலுக்கு அந்தப் பக்கம், கண்ணையன் விழுந்த வேர்க்கடலைக் கொல்லைக்கு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏரோப்ளேன் இறக்கைத் துணியைக் கிழித்து எடுத்துவந்து குழந்தைகள் அரைஞாணில் முடிகிறார்களாம், பயம் தெளியுமாம். நேற்று ஒருத்தி துக்கம் கேட்க வந்தாள். அழுதாள், காபி குடித்தாள். எழுந்து போகும்போது, "தம்பி கண்ணுக்குப் போட்டுகினு இருந்த கண்ணாடி இருக்குதா? என் பையன் கேட்டுகினே கீறான்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இது போகட்டும். நைனாவின் பெரியப்பா மகன், ஜவுளிக்கடை நாராயணசுவாமி, கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்: "மூணு சுத்து சுத்தினான் இல்ல? ஊர் பார்க்கட்டும்னுதானே சுத்தினான்? சாமி தலைக்கு மேல பறந்தா சும்மா வுடுமா?" நான் வாயைத் திறப்பதற்குள் நைனா "ஆங்" என்று தலையாட்டிவிட்டார். இவர்கள் சொல்லிச் சொல்லி அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். ஐப்பசிக் கிருத்திகையன்று ஈரத்துணியோடு மலைப்படி ஏறி, சந்நிதி வாசலில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "என் மகன் அகம்பாவத்தால் அபசாரம் செய்தான்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். அப்போதுதான் தோஷம் போகுமாம். கோயிலில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. இந்த ஜவுளிக்கடைக்காரர் தானாகக் கண்டுபிடித்த பரிகாரம் இது. முழங்கால் வீங்கிய மனிதர், முந்நூற்றறுபத்தைந்து படி.

கண்ணையன் அகம்பாவக்காரன் இல்லை. சைக்கிள் ஓட்டும்போதுகூட முனை திரும்புமுன் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன். அவன் ஏன் மூன்று சுற்றுச் சுற்றினான்? நீங்கள் இயந்திரம் தெரிந்தவர். என்ன நடந்தது என்று உங்கள் கையால் ஒரு காகிதம் எழுதுங்கள். நைனாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். நான் கேட்பது இது ஒன்றுதான்.

கௌரி


விமானத் திடல், மணவூர் தபால்
20-10-1943

கௌரிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய். நானும் மனிதன்தான், என் துக்கம் எனக்கு.

விசாரணை திங்கட்கிழமை முடிந்தது. மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். தனியாகப் பறக்கும் மூன்றாவது தரம் அது. ஒரு சுற்றுச் சுற்றி இறங்கு என்பது உத்தரவு. அவன் மூன்று சுற்றுச் சுற்றினான். கடைசித் திருப்பத்தில் வேகம் குறைந்து, இறக்கையில் காற்றின் தாங்கல் இல்லாமல் சரிந்து, சுழன்று விழுந்துவிட்டது. இஞ்சினில் கோளாறு இல்லை, பெட்ரோல் இருந்தது. ஆகவே, "சொந்த ஊருக்கு அருகே உத்தரவை மீறி வேடிக்கை காட்டியதில் கவனம் சிதறிற்று" என்று தீர்ப்பு எழுதினார்கள். நான் எழுதியதல்ல, அவர்கள் எழுதியது. இதில் வேறு காகிதம் எழுதி நான் என்ன செய்ய? எழுதினாலும் அதிகாரிகளுக்கு மேலே எழுதியதாகும்.

வாலிபப் பையன்கள் அப்படித்தான். ஆகாயத்தில் தனியாக ஏறினதும் தலைக்கு ஏறிவிடும். நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இந்த வருஷத்தில் இது நான்காவது விபத்து. ஒருவன் பனைமரத்தில் இடித்தான், ஒருவன் ஏரியில் இறங்கினான். அவர்கள் வீட்டிலெல்லாம் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

அவன் விழுந்ததும் முதலில் ஓடினவன் நான்தான். அரை மைல் இருக்கும். வண்டி வருவதற்கு முன்னால் நான் போய்விட்டேன். அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அப்போதே உயிர் இல்லை. அவனுக்கு வலி தெரிந்திருக்காது. இதை மாமாவிடம் சொல், ஆறுதலாக இருக்கும். மலைப்படி ஏறுவது அவர் மனத்துக்குச் சமாதானம் என்றால் ஏறட்டுமே, நாம் ஏன் தடுக்கவேண்டும்? வயசானவர்களுக்கு இதுமாதிரி ஒன்று தேவைப்படுகிறது.

நீ காரியம் முடிந்ததும் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடு. இங்கே கேன்டீன் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ரசத்தில் புளியே தவிர வேறு ஒன்றுமில்லை. இரண்டு நாளாக வயிறு சரியில்லை.

தேசப்பன்


திருத்தணி
24-10-1943

உங்களுக்கு,

ரசத்தில் புளி அதிகமாக இருக்கிறதா? சீ! தம்பியைச் சுட்டு வந்த சாம்பல் ஆறவில்லை, ரசம் பற்றி எழுத உங்களுக்குக் கை வந்ததே. அந்த வரியை நான் நாலு தரம் படித்தேன். ஒவ்வொரு தரமும் அது ரசத்தைப் பற்றியே இருந்தது.

உங்கள் கடிதத்தை நைனாவுக்குப் படிக்கவில்லை. படித்திருந்தால் இன்றைக்கே படியேறக் கிளம்பியிருப்பார்.

இப்போது வேறு ஒன்று கேட்கிறேன். நேற்று எல்லம்மாள் வந்திருந்தாள். கண்ணையன் விழுந்த கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவள். துக்கம் கேட்கத்தான் வந்தாள், தோட்டத்துப் பக்கம் நின்றாள், உள்ளே வரமாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

"அம்மா, நான் சொல்றத தப்பா எடுத்துக்காதீங்க. டமார்னு வுழுந்ததும் நாங்க பயந்துகினு வரப்புக்கு அந்தாண்ட ஓடிட்டோம். அப்புறம் எட்டிப் பாக்கறேன், உங்க வூட்டுக்காரரு வந்துகினு கீறாரு. நான் கிட்டப் போனேன். அவரு றெக்கை கிட்ட குந்திகினு, ஒரு கம்பிய வெச்சுகினு ஒரு குழாய்ல குத்திகினே கீறாரு. வாயால ஊதறாரு, திரும்பக் குத்தறாரு. பையன் அந்தாண்ட கெடக்கறான், இடுப்புல கட்டின வாரு கூட அவுக்கல. நான் 'ஐயா, பையன் ஐயா'ன்னு கத்தினேன். 'ஆங், ஆங், போ'ன்னாரு. என்னைய திரும்பிக்கூட பாக்கல."

இதைச் சொல்லிவிட்டு, "ஏம்மா, அது இன்னா குழாய்?" என்று என்னைக் கேட்கிறாள். நான் பள்ளிக்கூட வாத்தியாரம்மா அல்லவா, எனக்கு எல்லாம் தெரிந்திருக்குமாம்.

முதலில் ஓடினேன், மடியில் தூக்கி வைத்தேன் என்று வாய் கூசாமல் எழுதினீர்களே. எல்லம்மாள் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? கூலிக்குக் களை எடுக்கிறவளுக்கு உங்கள் குழாயைப் பற்றிக் கற்பனை செய்யத் தெரியுமா?

என்ன குழாய் அது? கம்பியால் எதைக் குத்தினீர்கள்?

கௌரி


விமானத் திடல்
27-10-1943

கௌரிக்கு,

கண்டவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு புருஷனை விசாரிக்காதே. பெட்ரோல் ஒழுகிற்றா என்று பார்த்தேன், தீப்பிடித்தால் எல்லோருக்கும் ஆபத்து. அது என் கடமை. இங்கிருந்து போகிற, இங்கே வருகிற கடிதங்களை எல்லாம் பிரித்துப் படிக்கிறார்கள், யுத்த காலம் என்பது உனக்கு நினைவிருக்கட்டும். இனி இந்த விஷயத்தை எழுதாதே.

தேசப்பன்


30-10-1943

கௌரி,

இதைத் தபாலில் போடவில்லை. திடலுக்குப் பால் கொண்டுவரும் ஆனந்தனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் தாலி மேல் ஆணை.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. உன்னிடம் சொல்லாவிட்டால் யாரிடம் சொல்லப்போகிறேன்.

ஆயுத பூஜைக்கு இங்கே பன்னிரண்டு ஏரோப்ளேனுக்கும் பொட்டு வைத்தோம். பெரிய அதிகாரி வெள்ளைக்காரர், நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: மறுநாள் பறப்பதற்கு முன் ஒரு துளி மிச்சமில்லாமல் துடைத்துவிடவேண்டும். விடிந்ததும் நான்தான் நின்று துடைக்கச் செய்தேன். பதினொன்றைச் சுத்தமாகத் துடைத்தாயிற்று. பலகையில் கண்ணையன் பெயருக்கு நேரே ஏழாம் நம்பர் என்று போட்டிருந்தது. அதையும் துடைத்தேன். ஆனால் ஒரு பொட்டை மட்டும் விட்டுவிட்டேன். சாமி சந்தனம், பையன் தனியாகப் போகிறான், ஒன்றாவது கூட இருக்கட்டும் என்று நினைத்தேன். அதிகாரி கண்ணில் படாத இடமாக, மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே நிற்கும் கட்டையில் இருந்த பொட்டு அது.

அந்தக் கட்டையில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குழாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் காற்று புகுந்தால்தான் உள்ளே வேகம் காட்டும் முள் நகரும். நான் இஞ்சின் ஆள். குழாயைக் கவனிக்கிறவன் வேறு, அவன் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தான். பூஜையன்று அந்தப் பொட்டைக் குழாய்த் தண்டின் மேலேதான் வைத்தேன், வாயில் வைக்கவில்லை. வைத்துவிட்டு, தூசி புகாமல் குழாயை மூடும் துணியுறையை மாட்டினேன். உறை இறுக்கம், ஈரச் சந்தனத்தைத் தள்ளிக்கொண்டு போய் வாயில் அடைத்திருக்கிறது. மறுநாள் உறையைக் கழற்றினேன், குழாய்க்குள் பார்க்கவில்லை. பரிசோதனைத் தாளில் குழாய் பற்றிய வரிக்கும் சேர்த்து நான் கையெழுத்துப் போட்டேன்.

மேலே போனதும் அவனுக்கு முள் நகரவில்லை. என்ன வேகத்தில் போகிறோம் என்று தெரியாமல்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். மூன்றாவது சுற்றில் இறங்கப் பார்த்தான். வேகம் போதவில்லை. அவ்வளவுதான்.

வெறும் சந்தனமாக இருந்தால் காய்ந்து உதிர்ந்திருக்கும். அதிகாரி நிபந்தனை போடுமுன், காற்றுக்கு நிற்கவேண்டும் என்று நான் சொல்லி, நீ வேலம்பிசின் கலந்து அரைத்துக் கொடுத்தாய். கம்பியால் குத்தும்போது கல் மாதிரி இறுகியிருந்தது. விசாரணையில், குழாய் சரியாக இருந்தது என்றுதான் சொன்னேன். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் இது வெளியே வந்தால், யார் அரைத்தது, எதைக் கலந்தது என்றும் கேட்பார்கள். மாமா காதுக்கும் அது போகும். யோசித்துப்பார்.

போனவன் போய்விட்டான். நம் இருவரையும் காப்பாற்றிக்கொள்வோம்.

தேசப்பன்


திருத்தணி
4-11-1943

உங்களுக்கு,

ஆனந்தன் கையிலேயே பதிலும் வருகிறது.

என் கைகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அன்றைக்கு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிசினை இடித்து, தூளாக்கி, ஊறவைத்து, சந்தனத்தோடு குழைத்தேன். "இப்படி ஒட்டினா ஆகாசத்துக்குப் போனாலும் போவாது" என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு அபிராமசுந்தரியைக் கூப்பிட்டு அதைக் காட்டவும் செய்தேன். நேற்றுப் பள்ளியில் ஒரு குழந்தை நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தது. அதை என் பக்கத்தில் நிற்கவிடவில்லை, வெளியே அனுப்பிவிட்டேன். அது அழுதுகொண்டே போயிற்று.

நீங்கள் பொட்டை விட்டுவைத்ததற்கு உங்களை நான் வெறுக்கவில்லை. அவன் மேல் பிரியத்தில் செய்தீர்கள். நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் விட்டிருப்பேன். அதை எழுதிவிட்டேன், இனி எழுதமாட்டேன்.

எனக்கு அருவருப்பாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. கம்பியால் சுத்தம் செய்துவிட்டு, விசாரணையில் கை கட்டி நின்று, "குழாய் சரியாக இருந்தது" என்று சொன்னீர்களே. "வாலிபப் பையன்கள் அப்படித்தான்" என்று எனக்கே எழுதினீர்களே. பயந்து பயந்து, யோசித்து யோசித்துச் சுற்றின பையனைத் திமிர் பிடித்தவன் என்று ஊர் சொல்கிறது, சர்க்கார் சொல்கிறது, பெற்றவர் சொல்லப்போகிறார். சொல்லாதே என்று தடுக்க ஒரே ஒருவரால் முடியும். அவர் வயிறு சரியில்லை என்று படுத்திருக்கிறார். பிசினைச் சொல்லி என்னை மிரட்டவும் செய்கிறார். யாரோடு நான் ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டேன் என்று நினைக்கும்போது உடம்பு கூசுகிறது.

கிருத்திகை பன்னிரண்டாம் தேதி. நைனா புது வேட்டி வாங்கிவிட்டார். படியேறத் துணைக்கு நாராயணசுவாமி ஆள் திரட்டுகிறார், கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வீடு வீடாகச் சொல்லியாகிறது. நீங்கள் அதற்கு முன் வாருங்கள். அதிகாரியிடம் சொல்வது பிறகு இருக்கட்டும். நைனாவிடம் வந்து, "மாமா, பையன் மேல தப்பில்ல, தப்பு என்னுது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிசின் என் கை என்று நானும் கூட நின்று சொல்கிறேன். அடித்தால் இரண்டு பேருமே வாங்கிக்கொள்வோம்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் குழாயைக் குத்திக்கொண்டிருந்தபோது கண்ணையனுக்கு உயிர் இருந்ததா?

கௌரி


விமானத் திடல்
9-11-1943

கௌரிக்கு,

இதுவும் ஆனந்தன் கையில்தான் வருகிறது. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அழுத்திக் கேட்கவில்லை. வந்து மாமா முகத்தில் எப்படி விழிப்பேன்?

நீ நினைப்பதுபோல இது லேசான விஷயம் அல்ல. பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். யுத்த காலத்தில் நாசவேலை என்றுகூட எழுதலாம். அப்புறம் உனக்கு யார் இருக்கிறார்கள்? தலைமை மெக்கானிக் வேலைக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள், வடக்கே மாற்றல் வரும். நாம் இந்த ஊரைவிட்டே போய்விடலாம். புது இடம், புது மனிதர்கள். உனக்கும் மனசு மாறும்.

செத்தவனுக்கு மானம் அவமானம் ஏது? மாமா நாலு பேர் முன்னால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். அத்தோடு ஊர் மறந்துவிடும். யாருக்கும் நஷ்டம் இல்லை.

தேசப்பன்


திருத்தணி
15-11-1943

தேசப்பனுக்கு,

ஆம், பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த வாரத்தில் உங்கள் பெயரை இன்னும் இரண்டு காகிதத்தில் எழுதிவிட்டேன். பழகிவிட்டது.

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதினீர்கள். வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காலையில் நைனா குளத்தில் முழுகி எழுந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. கூட நாற்பது பேராவது இருப்பார்கள். பாதிப் பேர் முகம் எனக்குத் தெரியாது. நூறு படி ஏறியதும் முழங்கால் மடங்கிவிட்டது. "தூக்கறோம் மாமா" என்று இரண்டு பேர் வந்தார்கள். நாராயணசுவாமி, "வாணாம், தானா ஏறினாத்தான் பலிக்கும்" என்றார். அப்புறம் கையையும் ஊன்றிக்கொண்டு ஏறினார். படியில் யாரோ கொட்டிய வாழைப்பழத்தோல், மிதிபட்ட பூ, காவடிக்காரர்கள் சிந்திய பால், எல்லாவற்றின் மேலும் அவர் கை வைத்து வைத்துப் போயிற்று. நான் பக்கத்திலேயே ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் கீழே பார்த்தேன். நீங்கள் வருவீர்கள் என்று அப்போதும் நினைத்தேன், பைத்தியக்காரி.

மேலே நின்று சொன்னார். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். முதல் தரம் சொன்னது கேட்கவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். "எம்புள்ள கண்ணையன் திமுருல தப்பு பண்ணிட்டான், மன்னிச்சுடு சாமி." கூட்டத்தில் ஒருவர் திருப்தியாகத் தலையாட்டினார். இன்னொருவர் நைனாவின் தோளைத் தட்டி, "இனிமே ஒண்ணுமில்ல, வுடுங்க" என்றார். பிறகு எல்லோரும் பிரசாதம் வாங்கப் போய்விட்டார்கள்.

அப்போது நான் வாயைத் திறக்கவில்லை. இதை உங்களுக்கு எழுதியே ஆகவேண்டும். உங்களுக்காக மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பிசினுக்காக. நாற்பது பேர் முன்னால் என் பெயரும் வருமே என்று பயந்தேன். பெற்றவர் வாயால் பிள்ளையைக் குற்றவாளி என்று சொல்லவைத்துவிட்டு, நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உங்களைப் பார்த்து எனக்கு என்ன அருவருப்பு உண்டோ, அதே அளவு என் மேலும் உண்டு. நீங்கள் ஒரு மாதம் செய்ததை நான் ஒரு நிமிஷத்தில் செய்தேன்.

இறங்கி வந்து குளக்கரையில் அவரை உட்காரவைத்து, உங்கள் முப்பதாம் தேதிக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அடுப்பில் போடச் சொன்னீர்களே, போடவில்லை. முழுக்கப் படித்தேன், பிசின் உட்பட. அவர் என்னை அடிக்கவில்லை. உங்களையும் திட்டவில்லை. "அப்போ பையன் சரியாத்தான் ஓட்டிகினு இருந்தானா?" என்று கேட்டார். "ஆங், நைனா" என்றேன். "மூணு சுத்தும் யோசிச்சு சுத்தினதா?" "ஆங், நைனா." அப்புறம்தான் அழுதார். தகனத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை எங்கள் தலைமையாசிரியர் சிவப்பிரகாசம் அவர்களிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்து இங்கிலீஷில் பெயர்த்துத் தரச் சொன்னேன். படித்துவிட்டு, "அம்மா, இதை அனுப்பினா உன் குடும்பம் போயிடும்" என்றார். "போகட்டும் ஐயா, அதில் இருக்க எனக்குக் குமட்டுகிறது" என்றேன். உங்கள் கையெழுத்தோடு அசல், அவர் எழுதிய பெயர்ப்பு, எல்லம்மாள் கைநாட்டு வைத்த வாக்குமூலம், பிசின் கலந்தது நான் என்று நான் எழுதிய வாக்குமூலம், நான்கையும் உங்கள் பெரிய அதிகாரிக்கு இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. எனக்கு எழுதவேண்டாம். நைனா கேட்கிறார், அவருக்கு எழுதுங்கள்.

கௌரியம்மாள்


காவல் அறை
26-11-1943

கௌரிக்கு,

இந்தக் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவார். பரவாயில்லை, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று.

உன் தபால் வந்த அன்றே கூப்பிட்டார்கள். நான் மறுக்கவில்லை. பழைய தீர்ப்பை ரத்து செய்துவிட்டார்கள். குற்றம் பையன் மேல் இல்லை, பரிசோதித்தவன் மேல் என்று மாற்றி எழுதி, மாமாவுக்குத் தனியே காகிதம் அனுப்புகிறார்கள். அதைத் தமிழில் எழுதச்சொல்லிக் கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். நாராயணசுவாமி கடை வாசலில் நின்று சத்தமாகப் படிக்கச் சொல். உன்னை யாரும் விசாரிக்கமாட்டார்கள், துடைக்கவேண்டியது என் வேலை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன தண்டனை என்று இன்னும் தெரியவில்லை. உன்னை வரச் சொல்லமாட்டேன்.

மாமா கேட்டதற்குப் பதில். இதை மட்டும் அதிகாரியிடம்கூட இன்று காலையில்தான் சொன்னேன்.

உயிர் இருந்தது. நான் போனபோது எல்லம்மாள் இன்னும் வரவில்லை. வாரில் தொங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனதும் கண்ணைத் திறந்தான், என்னை அடையாளம் தெரிந்தது. வலிக்கிறது என்று சொல்லவில்லை, அக்கா என்றோ நைனா என்றோ கூப்பிடவில்லை. "பாவா, முள்ளு அசையல. தாள்ல எழுதி வெச்சுடு, அடுத்த ஆளு ஏறிடப்போறான்" என்றான். குழாய் அடைத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, அவன் சொல்லித்தான் தெரிந்தது.

நான் "ஆங்" என்றேன். என்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டான். நான் அவன் வாரை அவிழ்க்காமல், உடைந்த கட்டையிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கிக்கொண்டு குழாய்க்குப் போனேன்.

தேசப்பன்